அணையடியில் ஒரு பூசணித் தோட்டம்

அந்த அணையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "தண்ணி எங்கங்க?" கரைமேல் ஏறி நின்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால், தூரத்தில் ஒரு குட்டை அளவுக்குத் தண்ணீர் கிடக்கும். மிச்சமெல்லாம் புல்லும் காய்ந்த சேறும். இதற்கா இவ்வளவு பெரிய கரை என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, கொண்டுவந்ததைத் தின்று காகிதத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போகப் பார்ப்பார்கள். தெளிவக்கா விடமாட்டாள். "இந்தாங்க தம்பி, கீழ விழுந்திருச்சு பாருங்க" என்று எடுத்துக் கையில் கொடுத்து, அது அவர்கள் பைக்குள் போகிற வரைக்கும் அங்கேயே நிற்பாள்.

இது தண்ணீர் சேர்த்து வைக்கிற அணை இல்லை. மேலே மலையில் பேய்மழை கொட்டுகிற நாட்கள் வருஷத்தில் நாலைந்து உண்டு. அன்றைக்கு ஓடிவருகிற வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தி, ஆறு கிலோமீட்டர் கீழே இருக்கிற ஊருக்கு வலிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் இதன் வேலை. மற்ற முந்நூற்று அறுபது நாளும் சும்மா நிற்க வேண்டியது. பதினான்கு மீட்டர் உயரம், அரை கிலோமீட்டர் நீளம், உள்ளே களிமண், மேலே புல். கரையில் சிமென்ட் கிடையாது, கம்பி கிடையாது. வெறும் மண். அந்த மண்ணை நம்பித்தான் கீழே ஓர் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறது. அந்த ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேருக்கு இப்படி ஓர் அணை இருப்பதே தெரியாது. பத்தாமவர் காகிதம் போட வந்தவர்.

தெளிவக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. ஒல்லியான உடம்பு, அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல். அணையின் கண்காணிப்பு உதவியாளர் என்பது காகிதத்தில் இருக்கிற வேலை. பத்தொன்பது வருஷமாக, காய்ச்சலில் படுத்த நாலு நாளும் மகள் கல்யாணத்துக்குப் போன மூன்று நாளும் தவிர, தினமும் காலை ஆறு மணிக்கு ஓர் அளவு பெரிதான ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். முதலில் கரை உச்சியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பாள். விரிசல் இருக்கிறதா, எங்காவது தாழ்ந்திருக்கிறதா, எலி வளை தோண்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். அப்புறம் சரிவில் இறங்கி, மண்ணுக்குள் நட்டு வைத்திருக்கிற பன்னிரண்டு இரும்புக் குழாய்களுக்குள்ளும் டேப்பை விடுவாள். டேப்பின் நுனி தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று கத்தும். எத்தனை மீட்டரில் கத்தியது என்று எழுதிக்கொள்வாள். கடைசியாக அணையடிக்கு வருவாள்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. மண் அணை என்றால் கசியும். "கசியாத மண் அணை இருக்குன்னு எவனாவது சொன்னா, அவன் அணையவே பாத்ததில்லன்னு அர்த்தம்" என்பாள். கசிகிற தண்ணீரையெல்லாம் ஒரு சின்ன வாய்க்காலில் சேர்த்து, நடுவில் கூர்வெட்டு வெட்டிய ஒரு தகட்டின் வழியாக விழ விட்டிருக்கிறார்கள். வெட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்தால், நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று அட்டவணை சொல்லிவிடும். அதை எழுதிவிட்டு ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடிப்பாள். தகரக் கொட்டகையின் ஜன்னலில் வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து அரை மணி நேரம் விட்டுவிடுவாள். டம்ளரின் அடியில் மண் படிகிறதா என்று பார்க்கத்தான். வெறும் தண்ணீர் கசிந்தால் பரவாயில்லை. தண்ணீர் மண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தால், உள்ளே அணை அரிக்கிறது என்று பொருள். உள்ளே வழி விழுந்துவிட்டால் அப்புறம் அணையாவது மண்ணாங்கட்டியாவது.

எட்டு மணிக்கு ஆபீசுக்குப் போன் போட்டு எல்லா எண்களையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, கடைசியில் "தெளிவு" என்று ஓர் அழுத்து அழுத்துவாள். அப்படித்தான் தெளிவக்கா ஆனாள். ஆபீசில் பழைய ஆட்கள் போய்ப் புது ஆட்கள் வந்தார்கள். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வீடு அணையடியிலிருந்து முப்பது மீட்டரில். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் ஒரு குழாய். அதில் அவளும் அவள் வீட்டுக்காரரும்.

வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்தவர். இருபத்தாறு வருஷம் ஓட்டியவர், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. சரியான வாயாடி. பின் சீட்டில் இருக்கிறவனையும் கண்ணாடியில் பார்த்துக் குசலம் விசாரிப்பார். ஐம்பத்து மூன்றாவது வயதில் வலது கண்ணில் பார்வை மங்கியது. டாக்டர் பரிசோதித்தார், ஒரு காகிதம் கொடுத்தார், அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு கம்பெனி இன்னொரு காகிதம் கொடுத்தது. அத்தோடு வண்டி நின்றது.

வீட்டுக்கு வந்தவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வந்து சாப்பிடுவார், மறுபடி போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, எட்டு மாதம். கேட்டதற்கு "ம்". திட்டினால் அதற்கும் "ம்". அந்த எட்டு மாதத்தைப் பற்றி தெளிவக்காவிடம் இன்றைக்கும் யாரும் பேச்செடுக்க முடியாது. ஊருக்கே கேட்கிற குரல் அவளுக்கு. அந்த மாதங்களில் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் அழுதிருக்கிறாள்.

அவரை எழுப்பியது ஒரு பூசணி விதை. குப்பையோடு கொல்லையில் விழுந்தது தானாக முளைத்துக் கொடி ஓடியது. "அது என்னன்னு போய்ப் பாருங்களேன், ஜன்னல்ல ஏறுது" என்று ஒரு நாள் அவள் எரிச்சலில் சொன்னாள். போய்ப் பார்த்தார். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது. மறுநாள் அவள் சொல்லாமலே போனார். அதற்கப்புறம் மனிதரைப் பிடிக்க முடியவில்லை. பூசணி, வெண்டை, தக்காளி, கீரை, முள்ளங்கி. பேச்சும் திரும்பி வந்துவிட்டது. கொடியை வேலியில் ஏற்றும்போது, "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னாடி எடம் காலியாத்தான் இருக்கு, வாசல்லயே நிக்காதீங்க" என்று அதட்டுவார். சமையலறையில் அதைக் கேட்டுக்கொண்டே அவள் வெங்காயம் அரிவாள். வாயெல்லாம் பல்லாக இருக்கும்.

ஆனால் ஒன்று. அணையடியிலிருந்து பதினைந்து மீட்டர் வரைக்கும் யாரும் எதுவும் நடக் கூடாது, தோண்டக் கூடாது, ஒரு முளைக்குச்சிகூட அடிக்கக் கூடாது. அது விதி. எல்லைக் கல்லும் நட்டிருக்கிறது. அந்தக் கல்லைத் தாண்டி வந்த மாட்டையெல்லாம் அவள் கிலோமீட்டர் கணக்கில் துரத்தியிருக்கிறாள். தோட்டம் முதல் வருஷம் இருபது மீட்டரில் இருந்தது. இரண்டாம் வருஷம் பதினேழு. மூன்றாம் வருஷம் பூசணி மட்டும் கல்லைத் தாண்டிப் பன்னிரண்டுக்குப் போனது. அவள் பார்த்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

"மரம் மட்டும் வைக்கக் கூடாது. வேர் உள்ள போயிரும். கொடி, கீரை இத்தோட நிறுத்திக்கணும், சொல்லிட்டேன்."

"உத்தரவு, ஆபீசரம்மா" என்றார் அவர்.

அந்த விதியை வளைத்ததற்கு அவளுக்குக் குற்ற உணர்ச்சியெல்லாம் பெரிதாக இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகை எட்டு மாதம் பார்த்தவள் அவள். எந்த எல்லைக் கல்லும் அவளுக்கு அந்த முதுகைவிடப் பெரிதில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நான் அவள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

இந்த வருஷம் ஒரு புது விஷயம் நடந்தது. கீழே ஆற்றின் குறுக்கே பாலம் கட்டுகிறார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தால் வேலை கெடும் என்று அணையின் மதகைப் பாதி மூடி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதனால் எப்போதும் குட்டையாகக் கிடக்கிற தண்ணீர் இரண்டு மீட்டர் ஏறி, ஆறு வாரமாக அப்படியே நின்றது. தண்ணீர் ஏறினால் கசிவும் ஏறும், அது கணக்கு. பன்னிரண்டு லிட்டராக இருந்த கசிவு இருபத்து நாலுக்குப் போனது. அவள் எதிர்பார்த்ததுதான். மூன்றாம் வாரம் தானாகக் குறைய ஆரம்பித்தது. இருபத்தொன்று. பத்தொன்பது. பதினேழு.

தெளிவக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பிள்ளைக்கு மார்க் வந்த மாதிரி எல்லோரிடமும் சொன்னாள். ஆபீசிலிருந்து இன்ஜினியரே போன் பண்ணினார். "அக்கா, அணை நல்லா இறுகிருச்சு போல. சூப்பர்." இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று உண்டென்றால் அது இதுதான். கசிவு கூடினால் அலறுவார்கள். குறைந்தால் சந்தோஷப்படுவார்கள். மேலே தண்ணீர் அப்படியே நிற்கிறதே, அப்புறம் குறைந்த தண்ணீர் எங்கே போனது என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்று மதியம் சாப்பிடும்போது வீட்டுக்காரரிடமும் சொன்னாள். "பதினேழு லிட்டர்ங்க இன்னிக்கு!"

"அப்படியா" என்று சொல்லிவிட்டு அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் பத்து வார்த்தை சொல்கிற மனிதர் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். அவளுக்கு அதுவும் உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது மகள். அவள் வேறு ஊரில் இருக்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எட்டு மணிப் போன் முடிந்து ஒன்பதரை இருக்கும், வீடியோவில் கூப்பிட்டாள். தோட்டத்தைக் காட்டு என்றாள். அக்கா போனைத் திருப்பிக் காட்டினாள்.

"என்னம்மா அங்க மழையா? இவ்ளோ பச்சையா இருக்கு?"

"மழையா? ரெண்டு மாசமா ஒரு சொட்டு இல்லடி. கரையில புல்லெல்லாம் கருகிப் போச்சு."

"அப்ப அப்பாதான் தண்ணி ஊத்தியே வளக்குறாரா? பாவம்மா, இந்த வயசுல. எத்தன குடம் தூக்குறாரோ!"

தெளிவக்கா திரும்பிப் பார்த்தாள். பின்பக்கக் குழாயடியில் அவருடைய வாளி இருந்தது. அதற்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது. வலை கட்டி அதில் தூசியும் படிந்திருந்தது.

"அப்புறம் பேசறேன், வை" என்றாள்.

பூட்ஸை மாட்டிக்கொண்டு நேராகப் பூசணிப் பாத்திக்குப் போனாள். எல்லைக் கல்லைத் தாண்டி மூன்றாவது அடியில் பூட்ஸ் கணுக்கால் வரை இறங்கியது. உள்ளங்கை அகல இலைகளை விலக்கினாள். கரைக்கு அடியில் மண்ணுக்குள்ளேயே ஓடிவந்து, பாத்தி நடுவில் விரல் கனத்துக்குத் தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. மனிதர் அதற்கு அழகாக வாய்க்கால் வேறு வெட்டி, தக்காளிக்கு ஒரு கிளை, கீரைக்கு ஒரு கிளை என்று பிரித்துவிட்டிருந்தார். குறைந்த ஏழு லிட்டர் எங்கே போனது என்று இப்போது தெரிந்தது. அந்தத் தண்ணீரை டம்ளரில் பிடித்து, கொட்டகை ஜன்னலில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அரை மணி நேரம் தேவைப்படவில்லை. பத்தாவது நிமிஷமே அடியில் மெல்லிசாகப் படிந்துவிட்டது. வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துப் பார்த்தால், நூல் கனத்துக்குச் சாம்பல் நிற மண். அணையின் வயிற்றுக்குள் இருக்கிற களிமண்தான் அந்த நிறம்.

அவர் முள்ளங்கிக் கட்டோடு அந்தப் பக்கம் வந்தார். டம்ளரைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"எத்தன நாளா?"

"எது?"

"எதுவா? என்கிட்டயே எதுங்கறீங்களா? இந்த ஈரம் எத்தன நாளா வருது?"

"ஒரு... மூணு வாரம் இருக்கும்."

"கலங்கலா எப்பலேந்து வருது?"

அவர் முள்ளங்கியைக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "நேத்துதான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எழுதிடுவியே" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவள் எழுதிவிடுவாள். எழுதினால் நாளைக்கே லாரி வரும், தோட்டம் போகும். தோட்டம் போனால் மனிதர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். இந்தத் தடவை எழுந்திருப்பாரோ மாட்டாரோ. ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாளைக் காலை எட்டு மணிக்குச் சொன்னால் போதாதா என்று ஒரு மனசு கேட்டது. இந்த ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று அதே மனசு சமாதானமும் சொன்னது. அந்த மனசை நாலு வார்த்தை திட்டிவிட்டு அவள் பேனாவை எடுத்தாள். "பதினைந்து மீட்டர் எல்லைக்குள் பயிர் செய்ய விட்டது நான்தான்" என்று முதல் வரியை எழுதினாள். ஈரம், அளவு, மண், நேற்றிலிருந்து கலங்கல், எல்லாவற்றையும் எழுதினாள். போனை எடுத்தாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, எட்டு மணிப் போனுக்கு அப்புறம் பத்தரை மணிக்கு இன்னொரு போன் போனது. எதிர்முனையில் எடுத்தவர் அக்காவின் குரலைக் கேட்டதுமே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாராம்.

இன்ஜினியர் ஒன்றரை மணி நேரத்தில் ஜீப்பில் வந்து இறங்கினார். முப்பது வயது. நல்ல பிள்ளை. பாத்தியில் உட்கார்ந்து மண்ணைப் பிசைந்து பார்த்தார், டம்ளரை வெயிலில் தூக்கிப் பார்த்தார், ரெஜிஸ்டரைப் படித்தார். எல்லைக் கல் விஷயத்தைப் படித்துவிட்டு அக்காவைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அக்கா, மதகை முழுசாத் திறந்து தண்ணிய இறக்கணும். ஆனா கீழ பாலத்துக்கு இப்பத்தான் பலகை அடிச்சு கான்கிரீட் போட்டிருக்காங்க. சனிக்கிழமைதான் பலகைய எடுப்பாங்க. இப்ப திறந்தா எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிரும். இன்னும் நாலு நாளு." டம்ளரை மறுபடி பார்த்தார். "நேத்துலேந்துன்னு எழுதியிருக்கீங்க. ஒரு நாள் கலங்கல்னா, இங்க கொத்திக் கிளறினதுனாலகூட இருக்கலாம். மேல் மண்ணா இருக்கும். சனிக்கிழமை வரைக்கும் மணல் மூட்டைய அடுக்கிட்டு, மணிக்கு ஒரு தடவ பாத்துட்டு இருந்தோம்னா..."

அவர் பேசிக்கொண்டே போனார். வீட்டுக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாலு நாள் என்றால் பூசணிக்கு நாலு நாள் ஆயுள். யாருக்குத் தெரியும், அதற்குள் தெளிந்துகூடப் போகலாம்.

"சார்" என்றார். "நேத்து இல்ல."

இன்ஜினியர் திரும்பினார்.

"ஒம்பது நாளாச்சு. கீரைய எத்தன தடவ கழுவினாலும் மண்ணு நின்னுச்சு. அப்புறந்தான் தண்ணியப் பாத்தேன். இவ கரைமேல போனதும் தெனமும் நானும் ஒரு டம்ளர்ல பிடிச்சு வச்சுப் பாப்பேன். மொத நாளு கண்ணுக்கே தெரியல. அப்புறம் தூசி மாதிரி. ஒவ்வொரு நாளும் கூடிக்கிட்டேதான் வருது சார், ஒரு நாளும் கொறையல." பூசணிப் பக்கம் பார்த்தார். "நாளைக்குத் தெளிஞ்சிரும், நாளைக்குத் தெளிஞ்சிரும்னு இருந்துட்டேன்."

இன்ஜினியர் டம்ளரைக் கீழே வைத்தார். போனை எடுத்தார். "மதகைத் திற. முழுசா. இப்பவே. பாலத்துக்காரன் கத்துவான், கத்தட்டும், நான் பேசிக்கறேன். பாலத்து ஆளுங்கள ஆத்துலேந்து மேல ஏறச் சொல்லு."

தெளிவக்கா தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அவரிடம் எத்தனையோ கத்தியிருக்கிறாள். அன்றைக்குக் கத்தவில்லை.

"பஸ்ல பிரேக் பிடிக்கலன்னு தெரிஞ்சா ஒம்பது நாள் ஓட்டுவீங்களா?"

"மாட்டேன்" என்றார் அவர்.

"மறச்சதுகூடப் பரவால்ல. என் கையால பொய் எழுத வச்சுட்டீங்களே."

அவர் வேலியிலிருந்து கையை எடுத்தார். வேலிக்குள் போனார். லாரி வருவதற்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் ஒவ்வொரு கொடியாக அவரே வேரோடு பிடுங்கினார். யாரையும் தொட விடவில்லை. பிஞ்சும் காயுமாக இருபத்திரண்டு பூசணிகளை வரிசையாக ஓரத்தில் வைத்தார். லாரியில் வந்த ஆட்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு அந்த இடத்தில் முதலில் ஆற்று மணல், அதற்குமேல் பொடி ஜல்லி, அதற்குமேல் பெரிய கல் என்று இடுப்பளவுக்குக் கொட்டி மூடினார்கள். அடைப்பதற்கு இல்லை. அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். தண்ணீர் வெளியே வரலாம், மண் வரக் கூடாது, அவ்வளவுதான் இதில் சூட்சுமம். சாயங்காலம் இன்ஜினியர் போகும்போது அக்காவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "சனிக்கிழமை வரைக்கும் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்கு நினைக்கவே பிடிக்கலக்கா."

ஒரு வாரம் கழித்து எல்லைக் கல் விஷயத்துக்காக அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி ரெஜிஸ்டருக்குள் வைத்தாள். வலிக்கத்தான் செய்தது. ஆனால் எழுதியிருந்தது உண்மை. உண்மைக்கு என்ன சண்டை போடுவது? பாலத்துக்காரர்கள் எகிறியதற்கு ஆபீஸ் பதில் சொல்லிக்கொண்டது. அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அவள் பயந்தது வீட்டுக்குள் நடந்தது. மனிதர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

முதல் இரண்டு நாள் கோபத்தில் அவளும் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். "ம்." வீட்டு வாசலில் பத்துத் தொட்டி வாங்கி வைத்து, மண்ணும் நிரப்பி வைத்தாள். "சரி" என்றார், எழுந்திருக்கவில்லை. கோபம் போய்விட்டது என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். "அன்னிக்கு நீங்க வாயத் திறக்கலன்னா என்ன ஆயிருக்கும், யோசிச்சுப் பாருங்க" என்றாள். "வாயத் திறக்காம இருந்ததும் நான்தானே" என்று சுவரிடம் சொன்னார். ஒரு மாதம் இப்படியே போனது. மறுபடி சமையலறைக் குழாய் சும்மா ஓட ஆரம்பித்தது.

அப்புறம் மழை பிடித்தது. மலையில் இரண்டு நாளாகக் கொட்டியது. அணைக்கு வேலை வந்துவிட்டது. குட்டையாகக் கிடந்த தண்ணீர் கரையின் பாதிக்கு மேல் ஏறியது, ஒன்பது மீட்டர். பாலத்துக்காக நின்றதைவிட எவ்வளவோ அதிகம். இரண்டு மணிக்கு ஒரு தடவை அளவு எடுக்க வேண்டும். முதல் நாள் முழுக்க நனைந்துகொண்டே எடுத்தாள். மறுநாள் ராத்திரி பொறுப்பை மாற்றிக்கொள்ள ஆபீசிலிருந்து ஓர் ஆள் வந்ததால் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். விடிகிற நேரத்தில் விழித்தபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது.

கூரையில் மழை விழுகிற சத்தம். வீட்டில் அவர் இல்லை. பின்பக்கம் இல்லை. செருப்பு வாசலில் கிடந்தது. கரைக்கு அந்தப் பக்கம் ஒன்பது மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. அவள் என்ன நினைத்தாள் என்பதை நான் எழுத வேண்டாம். பூட்ஸ் போடாமல் ஓடினாள். பெரிய குரல் என்றேனே, அந்தக் குரல் அப்போது வரவில்லை.

பூசணிப் பாத்தி இருந்த இடத்தில் கற்குவியலின் ஓரத்தில், குடையைப் பிடித்துக்கொண்டு அவர் வெறுங்காலோடு குந்தியிருந்தார். குடைக்குள்ளே ஒரு பலகை, பலகையில் வெள்ளைக் காகிதம், காகிதத்தின்மேல் மூன்று டம்ளர்கள். அவர் நனைந்துகொண்டிருந்தார், டம்ளர்கள் நனையவில்லை. கல்லிடுக்குகளிலிருந்து தண்ணீர் சளசளவென்று வந்துகொண்டிருந்தது.

"இங்க என்ன பண்றீங்க?" மூச்சு வாங்கியது அவளுக்கு.

"மூணு எடத்துல பிடிச்சு வச்சிருக்கேன். அந்த ஆபீஸ் ஆளு தகட்ட மட்டும் பாத்துட்டுப் போயிட்டான், இந்தப் பக்கம் வரவே இல்ல. நாப்பது நிமிஷம் ஆச்சு." நல்ல கண்ணை டம்ளரிலிருந்து எடுக்காமலே பேசினார். "எனக்கு ஒண்ணும் படிஞ்ச மாதிரி தெரியல. ஆனா நான் சொன்னேன்னு எழுதிறாத. நீயே குனிஞ்சு பாரு. நல்லாப் பாத்துட்டு அப்புறமா எழுது."

அவள் சேற்றில் மண்டியிட்டாள். ஒவ்வொரு டம்ளராக, காகிதத்தோடு ஒட்டிக் கண்ணை வைத்துப் பார்த்தாள். அடியில் ஒரு துகள் இல்லை. கண்ணாடி வழியாகக் காகிதத்தின் வெள்ளை அப்படியே தெரிந்தது.

"எப்ப எழுந்தீங்க?"

"மழைச் சத்தத்துல தூக்கம் வரல. உள்ள எப்படி இருக்கோன்னு ஒரே நெனப்பு. நாலரைக்கு வந்தேன்." நிமிர்ந்து கல்மேட்டின் அந்தக் கோடியைக் காட்டினார். "அந்தக் கடைசியில இன்னும் ரெண்டு எடத்துல பிடிக்கணும். நான் வந்தப்ப அங்க தண்ணி இல்ல, இப்ப வருது. வீட்ல டம்ளர் இருக்கா?"

அவ்வளவுதான். அதுவரைக்கும் தாங்கிக்கொண்டிருந்தவள் அந்த இடத்திலேயே உடைந்துபோனாள். "எழுந்துட்டீங்களே" என்றாள். அதையே மறுபடி மறுபடி சொன்னாள். டம்ளர்களுக்கு மேலே குனிந்தபடி தேம்பித் தேம்பி அழுதாள்.

அவர் பதறிப்போய்க் குடையை அவள் தலைக்கும் டம்ளருக்கும் நடுவில் கொண்டுவந்தார்.

"ஏய், ஏய், டம்ளர்ல விழுந்துறப் போகுது! அழறதுன்னா அந்தாண்ட போய் அழு."

அவளும் பத்தொன்பது வருஷ அணைக்காரி அல்லவா? எழுந்து நாலடி தள்ளிப் போய் நின்று, மழையில் நனைந்துகொண்டே, ஆசை தீர அழுதாள்.